சொன்ன இடத்தில் ஆடியவர்

கொல்கத்தாவில் படிக்க வந்த தமிழ் மாணவன் எவனும் கால்பந்துக்குத் தப்ப முடியாது. தேநீர்க் கடையில் நின்றாலும், பேருந்தில் ஏறினாலும், விடுதியில் உணவு மேசை முன் அமர்ந்தாலும் பேச்சு எப்படியோ அங்கு வந்து சேர்ந்துவிடும். மோகன் பகானா, ஈஸ்ட் பெங்காலா என்று முதலில் கேட்பார்கள். வெளியூர்க்காரன் என்று தெரிந்துவிட்டால் கேள்வி உலக அளவுக்கு விரியும். "உனக்குப் பிடித்த ஆட்டக்காரர் யார்?" மெஸ்ஸி என்றாலும் ரொனால்டோ என்றாலும் இரண்டு மணி நேரம் விவாதம் நடக்கும். நான் சொல்லும் பெயரைக் கேட்டால் விவாதம் நடப்பதில்லை, சிரிப்புத்தான் எழுகிறது. நான் சொல்லும் பெயர் ஜேம்ஸ் மில்னர்.

சிரிப்பவர்கள் மீது எனக்கு வருத்தமில்லை. இங்கிலாந்திலேயே அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் பலர். அவர் பெயரை வைத்து 'சலிப்பூட்டும் ஜேம்ஸ் மில்னர்' என்று ஒருவர் ட்விட்டரில் கேலிப் பக்கமே நடத்தினார். தேநீர் போடுவது, துணிக்குப் பெட்டி போடுவது, இவற்றைப் பற்றியே ஓயாமல் சிந்திக்கும் மனிதராக அவரை அதில் தீட்டியிருந்தார்கள். அதைப் படித்து மகிழ்ந்தோர் இலட்சக் கணக்கில் இருந்தனர். மில்னர் மது அருந்தாதவர், ஆரவாரம் அறியாதவர். கேலியைக் கேட்டு அவரும் சேர்ந்து சிரித்தார். பிறகு பயிற்சிக்குப் போய்விட்டார்.

இத்தகைய ஒருவரைப் பற்றி நம் சங்க இதழில் எழுத என்ன இருக்கிறது என்று நண்பர்கள் கேட்கலாம். நான் எழுத நினைப்பது ஒரு கேள்வியைப் பற்றி. எந்த இடத்தில் நிறுத்தினாலும் ஆடக்கூடியவனுக்குத் தனக்கென்று ஓர் இடம் உண்டா? பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த குடும்பத்தில் பிறந்தவர்கள் இந்தக் கேள்வியைப் பந்து இல்லாமலே அறிந்திருப்பார்கள்.

முதலில், கால்பந்து அறியாத நண்பர்களுக்காகச் சில சொற்கள். பதினொருவர் கொண்ட குழுவில் முன்னே நிற்பவர் கோல் போடுகிறார். பின்னே நிற்பவர் எதிரியின் கோலைத் தடுக்கிறார். இவ்விருவருக்கும் இடையே நிற்பவர் நடுக்கள ஆட்டக்காரர். எதிரியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதும், முன்னே ஓடுபவனுக்கு அதைச் சேர்ப்பதும், சேர்த்த பந்து பறிபோனால் மறுபடி பின்னே ஓடி வருவதும் அவர் தொழில். ஒரே ஆட்டத்தில் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஓடுவது இவர்களுக்கு வழக்கம். ஓடியது எவருக்கும் நினைவிருக்காது. மறுநாள் செய்தித்தாளில் கோல் போட்டவர் படம் வரும்.

மில்னர் 1986-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் வடஇங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியைச் சேர்ந்த லீட்ஸ் நகரில் பிறந்தார். சிறு வயதிலிருந்தே லீட்ஸ் யுனைடெட் கழகத்தின் மீது பற்று. 2002 நவம்பர் 10 அன்று அதே கழகத்தின் சட்டையை அணிந்து பிரீமியர் லீக்கில் முதன்முதலாகக் களம் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 16. அடுத்த மாதம் 26-ஆம் நாள் சண்டர்லண்டு குழுவுக்கு எதிராக ஒரு கோல் போட்டார். பிரீமியர் லீக்கில் அதுவரை அத்தனை இளம் வயதில் எவரும் கோல் போட்டதில்லை. அந்தப் பெருமை 2005 வரை அவரிடம் இருந்தது.

அந்த 2002-ஆம் ஆண்டில்தான் நானும் பிறந்தேன். அவருடைய ஆட்ட வாழ்வுக்கும் எனக்கும் ஒரே வயது. நான் தவழ்ந்தபோது அவர் ஓடிக்கொண்டிருந்தார். நான் எம்.எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்தபோதும் ஓடிக்கொண்டிருந்தார். இந்தக் கணக்குத்தான் முதலில் என்னை அவர் பக்கம் திருப்பியது.

பதினாறு வயதில் சாதனை புரிந்த பையனுக்குச் சொந்த ஊரிலேயே புகழோடு வாழும் பேறு கிட்டியிருக்க வேண்டும். கிட்டவில்லை. லீட்ஸ் கழகம் தன் தகுதிக்கு மீறிக் கடன் வாங்கியிருந்தது. கடன் கழுத்தை நெரித்தது. ஆட்டக்காரர்களை ஒவ்வொருவராக விற்றார்கள். 2004-இல் கழகம் பிரீமியர் லீக்கிலிருந்தே கீழே இறங்கியது. மில்னரையும் விற்றார்கள். பதினெட்டு வயதில் அவர் நியூகாசிலுக்குப் போனார். ஊரை விட்டுப் போக வேண்டும் என்று விரும்பிப் போனவர் அல்லர். ஊரில் இருந்த நிறுவனம் நொடித்தது, ஆகவே போனார். இந்தக் கதை நம்மில் பலருக்குப் புதிதன்று.

நியூகாசிலில் அவரை வாங்கிய பாபி ராப்சன் சில வாரங்களிலேயே பதவி இழந்தார். பின்னர் வந்த மேலாளர் கிரேம் சூனஸ், மில்னர்களாக நிறைந்த குழுவை வைத்துக்கொண்டு லீக்கை வெல்ல முடியாது என்ற பொருள்படப் பேசியதாகப் பத்திரிகைகள் எழுதின. பத்தொன்பது இருபது வயதுப் பையனின் பெயரைப் பொதுப்பெயராக்கி, 'போதாதவன்' என்ற பொருளில் வழங்குவது எளிதில் ஆறும் புண் அன்று. 2005-இல் அவரை ஆஸ்டன் வில்லா கழகத்துக்கு ஒரு பருவம் இரவலாகக் கொடுத்தார்கள். 2006 ஆகஸ்டு இறுதியில் அதே கழகத்துக்கு நிலையாகப் போவதற்கு எல்லாம் ஆயத்தமாகியிருந்த வேளையில், கடைசி நேரத்தில் நியூகாசில் மனம் மாறித் திரும்ப அழைத்துக்கொண்டது. அவர் திரும்பி வந்தார். அந்தப் பருவத்தில் தம்மை விற்க முனைந்த அதே கழகத்துக்காக ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆட்டங்கள் ஆடினார்.

2008-இல் ஒருவழியாக ஆஸ்டன் வில்லா அவரை வாங்கியது. அதுவரை அவர் பெரும்பாலும் ஓரத்தில் ஓடுபவராகவே இருந்தார். மறு ஆண்டு நடுக்களத்திலிருந்த காரெத் பாரி மாஞ்செஸ்டர் சிட்டிக்குப் போனதும், மேலாளர் மார்ட்டின் ஓநீல் மில்னரை நடுவில் நிறுத்தினார். நடுவில் நின்றதும் அவர் ஆட்டம் மலர்ந்தது. அந்தப் பருவத்தில் சக ஆட்டக்காரர்கள் வாக்களித்து வழங்கும் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. தம் இடம் எது என்பதை அவரும் உலகமும் ஒருசேரக் கண்டுகொண்ட ஆண்டு 2010.

கண்டுகொண்ட உடனே அந்த இடம் கைவிட்டுப் போயிற்று. அதே 2010-இல் மாஞ்செஸ்டர் சிட்டி அவரைப் பெருந்தொகை கொடுத்து வாங்கியது. அங்கே நடுக்களத்தில் உலகப் புகழ் பெற்றோர் கூட்டமாக இருந்தனர். மில்னர் இடப்புறம் ஆடினார்; வலப்புறம் ஆடினார்; பின்னால் இறங்கித் தடுத்தார். 2014 டிசம்பரில் முன்னே ஆடுபவர்கள் காயமுற்றபோது அவரையே முன்னே நிறுத்திக் கோல் போடச் சொன்னார்கள். அதையும் செய்தார். அங்கிருந்த ஐந்து ஆண்டுகளில் 2012, 2014 ஆகிய இரு முறை சிட்டி லீக்கை வென்றது. சூனசுக்கு விடை சொல்ல மில்னர் வாய் திறந்ததாகத் தெரியவில்லை. பதினொரு மில்னர்களை வைத்து ஒரு குழு லீக்கை வெல்லுமோ வெல்லாதோ, எனக்குத் தெரியாது. ஒரு மில்னரை வைத்திருந்த குழுக்கள் வென்றன.

நிற்க. இங்கே என் தந்தையைப் பற்றிச் சில சொல்ல வேண்டும்.

அப்பா கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு நூற்பாலையில் பிட்டராக இருந்தார். எனக்கு மூன்று வயதானபோது ஆலை மூடப்பட்டது. உறவினர் ஒருவரைப் பற்றிக்கொண்டு பம்பாய் தாராவிக்குப் போனோம். அங்கே அப்பா இட்லிக்கு மாவு அரைத்தார், முறுக்குச் சுட்டார், சைக்கிளில் கொண்டுபோய் விற்றார். பின்னர் நாகபுரியில் ஒரு தொழிற்சாலை உணவகத்தில் வேலை கிடைத்தது. என்ன வேலை என்றுதான் சொல்ல முடியாது. சமையல்காரர் வராத அன்று அப்பா அடுப்படியில் நிற்பார். கணக்கர் விடுப்பில் போனால் பேரேடு எழுதுவார். நீரேற்றும் மோட்டார் நின்றுவிட்டால் பழைய பிட்டர் கை வேலை செய்யும். சந்தைக்குப் போக ஆளில்லையென்றால் காலை நான்கு மணிக்குக் கோணிப்பையோடு கிளம்பிவிடுவார்.

பள்ளியில் ஆண்டுதோறும் ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் 'தந்தையின் தொழில்' என்று ஒரு வரி இருக்கும். ஓராண்டு 'மேற்பார்வையாளர்' என்று எழுதினேன். ஓராண்டு 'சமையல்' என்று எழுதினேன். ஏழாம் வகுப்பில் அவரிடமே கேட்டேன்.

"சொன்ன வேலைன்னு எழுதுலே," என்றார் அப்பா.

அதை மராத்தியில் எப்படி எழுதுவது என்று விழித்துக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் வருத்தம் இருந்ததா என்று அந்த வயதில் எனக்குப் பார்க்கத் தெரியவில்லை. உணவகத்தில் புதிதாக வந்த இளைஞர்கள் 'சமையல் தலைவர்', 'கணக்குத் தலைவர்' என்று பட்டம் பெற்று மேலே போனார்கள். எல்லா வேலையும் தெரிந்தவருக்கு எந்தப் பட்டமும் பொருந்தவில்லை. எங்கும் ஆடக்கூடியவரை எந்த இடத்திலிருந்தும் எளிதாக எடுத்துவிடலாம் என்பதே காரணம்.

ஆகையால்தான் மில்னர் 2015-இல் செய்தது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்த ஆண்டு சிட்டியுடன் அவருக்கிருந்த ஒப்பந்தம் முடிந்தது. சிட்டி அவரைத் தொடர்ந்து இருக்கச் சொன்னது. பணத்துக்கும் குறைவில்லை, கோப்பைக்கும் குறைவில்லை. எனினும் அவர் லிவர்பூலுக்குப் போனார். நடுக்களத்தில் நடுவே நின்று ஆட வேண்டும் என்ற விருப்பமே அதற்குப் பெரிய காரணம். எங்கு நிறுத்தினாலும் முகம் கோணாமல் ஆடியவர், ஒரு முறை வாய்விட்டுத் தம் இடத்தைக் கேட்டார். பணிவு என்பது விருப்பமின்மை என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். உழைப்பவன் கேட்கவில்லை என்றால் அவனுக்கு ஆசையே இல்லை என்று உலகம் முடிவு கட்டிவிடுகிறது.

கேட்டது கிடைத்ததா? ஓராண்டு கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் யூர்கன் கிளாப் மேலாளராக வந்தார். 2016-17 பருவத்தில் குழுவுக்கு இடப்புறத் தடுப்பாட்டக்காரர் தேவைப்பட்டார். கிளாப் மில்னரை அங்கே நிறுத்தினார். முப்பது வயதில், அதுவரை தம் தொழிலாகக் கொள்ளாத ஓர் இடத்தில், அதுவும் வலக்காலால் ஆடுபவர் இடப்புறத்தில், அந்தப் பருவம் முழுவதும் ஆடினார். அந்த இடம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதை அவர் மறைக்கவில்லை. ஆட்டத்தில் குறை வைக்கவும் இல்லை. குழு அந்தப் பருவத்தில் நான்காவதாக வந்து ஐரோப்பியப் போட்டியான சாம்பியன்ஸ் லீக்கில் நுழையும் தகுதியை மீட்டது.

அடுத்த பருவத்தில் அவரை மீண்டும் நடுக்களத்துக்கு அழைத்தார்கள். அந்த 2017-18 சாம்பியன்ஸ் லீக்கில் பிறர் போட்ட 9 கோல்களுக்கு அவர் வழி அமைத்துக் கொடுத்தார். அந்தப் போட்டியில் ஒரே பருவத்தில் அதுகாறும் எவரும் எட்டாத எண்ணிக்கை அது. இறுதி ஆட்டத்தில் லிவர்பூல் ரியல் மாட்ரிடிடம் தோற்றது. இப்படியாக 2019-ஆம் ஆண்டு வந்தது.

அந்த ஆண்டு மே முதல் நாள் அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் பார்சலோனா 3-0 என்று லிவர்பூலை வென்றிருந்தது. மறு ஆட்டம் மே 7. லிவர்பூலின் சாலாவும் ஃபிர்மினோவும் காயம் காரணமாக ஆடவில்லை. எதிரே மெஸ்ஸி. நம் நாட்டுக் கணக்கில் ஆட்டம் தொடங்கியபோது நள்ளிரவு பன்னிரண்டரை. நாகபுரியில் கோடை வெக்கையில் உறக்கம் வராமல் அப்பாவின் கைபேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரவு வேலை முடிந்து வந்த அப்பா, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவருக்குக் கால்பந்து தெரியாது.

ஏழாம் நிமிடத்தில் ஒரிகி ஒரு கோல் போட்டார். இடைவேளை வரை அவ்வளவுதான். முதல் பாதியில் லிவர்பூலின் இடப்புறத் தடுப்பாட்டக்காரர் ராபர்ட்சனுக்குக் காலில் அடிபட்டிருந்தது. இரண்டாம் பாதிக்கு அவர் வரவில்லை. அந்த இடத்துக்கு நேரான மாற்றாளை இறக்குவதற்குப் பதிலாக மில்னரை நடுவிலிருந்து அங்கே அனுப்பினார்கள். நடுவில் காலியான இடத்துக்கு வைனால்டம் என்ற டச்சுக்காரர் வந்தார்.

சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்த அப்பா கேட்டார்.

"ஏல, அந்த ஏழாம் நம்பர்க்காரன் முதல்ல நடுவுலதான நின்னான்? இப்ப என்ன ஓரத்துக்குப் போயிட்டான்?"

"அங்க ஆடுனவருக்கு அடிபட்டுட்டுப்பா. அதான் இவர அங்க போட்டுட்டாங்க."

"அவன் ஒண்ணும் சொல்லலியா?"

"என்னத்தச் சொல்லுவாரு?"

அப்பா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "ஒண்ணும் சொல்ல மாட்டான்," என்றார்.

54-ஆம் நிமிடத்தில் வைனால்டம் ஒரு கோல் போட்டார். 56-ஆம் நிமிடத்தில் இன்னொன்று. கணக்கு சமமாயிற்று. 79-ஆம் நிமிடத்தில், எதிரிகள் கண்ணயர்ந்த நொடியில் அலெக்சாண்டர்-ஆர்னால்டு மூலையிலிருந்து அடித்த பந்தை ஒரிகி உள்ளே தள்ளினார். 4-0. இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் 4-3. அரங்கம் அதிர்ந்தது. மறுநாள் செய்தித்தாள்களில் ஒரிகியும் வைனால்டமும் நிறைந்திருந்தனர். அது நியாயமே. ஆனால் வைனால்டம் நின்று கோல் போட்ட இடம் எப்படிக் காலியாயிற்று என்பதை நானும் அப்பாவும் பார்த்திருந்தோம். மில்னர் தாம் கேட்டுப் பெற்ற இடத்தை விட்டு, தமக்குப் பிடிக்காத இடத்துக்குப் போனதால் அது காலியாயிற்று.

ஆட்டம் முடிந்ததும் முப்பத்து மூன்று வயதான அந்த மனிதர் களத்திலேயே கண் கலங்கினார். சலிப்பூட்டுபவர் என்று பெயர் எடுத்தவர். அப்பா அதைக் கூர்ந்து பார்த்தார். பிறகு எழுந்து பாயை விரித்தார். "நாலு மணிக்கு எழுப்பி விடுலே. சந்தைக்குப் போற பையன் லீவு," என்றார்.

சூன் முதல் நாள் மாட்ரிடில் நடந்த இறுதி ஆட்டத்தில் மில்னர் தொடக்கத்தில் இல்லை. இரண்டாம் பாதியில் மாற்றாளாக வந்தார், அதே வைனால்டமுக்குப் பதிலாக. லிவர்பூல் 2-0 என்று வென்றது. மறு ஆண்டு முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பிறகு அக்கழகம் இங்கிலாந்து லீக்கையும் வென்றது. தாம் மேலாளராக இருந்த காலத்தில் நடந்த எதுவும் மில்னர் இல்லாமல் நடந்திராது என்று கிளாப் பின்னொரு முறை வெளிப்படையாகவே சொன்னார். களத்தில் ஓரிடத்தை உறுதியாகக் கொடுக்காதவர், இந்த ஒரு சொல்லில் வேறோர் இடத்தைக் கொடுத்துவிட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது. பருவத் தொடக்கத்தில் நடக்கும் ஓட்டத் தேர்வுகளில் தம்மைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைந்தவர்களை மில்னர் ஆண்டுதோறும் முந்தியதை அந்தக் கழகத்தார் வியந்து பேசியிருக்கிறார்கள். இளைஞர்கள் அவரைப் பார்த்தே ஒழுங்கு கற்றார்கள். அந்த இடத்துக்குச் சட்டை எண் கிடையாது.

விடுதியில் ஒரு வங்காள நண்பர் இதற்கெல்லாம் ஒரே வரியில் மறுப்புச் சொல்வார். "உழைப்பை யாரும் காசு கொடுத்துப் பார்க்கப் போவதில்லை. மேதையைத்தான் பார்க்கப் போவார்கள்." அவர் சொல்வதில் உண்மை உண்டு. மில்னரை மெஸ்ஸியோடு நான் ஒப்பிடவில்லை. ஒப்பிட்டால் முதலில் மில்னரே சிரிப்பார். இங்கிலாந்து நாட்டுக் குழுவுக்காக 61 ஆட்டங்கள் ஆடி ஒரே ஒரு கோல் போட்டவர் அவர். என் கேள்வி வேறு. உலகில் மெஸ்ஸிகள் எத்தனை பேர்? எஞ்சிய நாம் எப்படி வாழ்வது? மேதையாக இல்லாதவன் தன் வேலையைப் பெருமையோடு செய்யவும், அதில் தன் பங்கு இன்னது என்று தலை நிமிர்ந்து கேட்கவும் வழி உண்டா? இதற்கு விடை தேடுபவனுக்கு மேதைகளின் வரலாறு உதவாது.

இந்தக் கேள்வி எனக்கு வெறும் பேச்சன்று. நான் வேதியியல் படிக்கிறேன். ஆய்வுக்கூடத்தில் என்.எம்.ஆர். கருவிக்கு வாரந்தோறும் திரவ நைட்ரஜன் நிரப்புவது என் பொறுப்பு. வெற்றிடப் பம்பு மக்கர் செய்தால் என்னைக் கூப்பிடுவார்கள். அப்பாவின் கை எனக்கும் வந்திருக்கிறது போலும். மூத்த ஆய்வாளர்களின் மாதிரிகளை நான் ஆயத்தம் செய்து கொடுக்கிறேன். கட்டுரைகளில் என் பெயர் நடுவில் எங்கோ வரும், அல்லது நன்றி கூறும் வரியில் வரும். "நீ இல்லாவிட்டால் இந்தக் கூடம் நின்றுவிடும்," என்று எல்லோரும் அன்போடு சொல்கிறார்கள். அந்த அன்பு உண்மையானது. ஆனால் அந்தச் சொல்லிலேயே ஒரு பூட்டும் இருக்கிறது. நான் இல்லாவிட்டால் நின்றுவிடும் என்பதற்காகவே என்னை அங்கேயே நிறுத்தி வைத்துவிடலாம்.

இறுதியாண்டு ஆய்வுப் பணிக்குத் தலைப்பு ஒதுக்கும் நாள் வந்தபோது எனக்கு 2015-ஆம் ஆண்டு மில்னர் நினைவுக்கு வந்தார். பேராசிரியரிடம் போய், எனக்கென்று ஒரு கேள்வி வேண்டும் என்று கேட்டேன். கேட்பதற்கு முன் மூன்று நாள் உறங்கவில்லை. இடம் கேட்டுப் பழகிய குடும்பத்திலிருந்து நான் வரவில்லை. அவர் வியப்போடு பார்த்தார். கோபிக்கவில்லை. ஒரு சிறிய கேள்வி எனக்குக் கிடைத்தது. ஒரு கரிமச் சேர்மம் கரைப்பானுக்குக் கரைப்பான் எப்படி வடிவம் மாறுகிறது என்பது அது. மேசையில் பாதி இடமும் கிடைத்தது. திரவ நைட்ரஜன் நிரப்பும் வேலையும் என்னிடமே இருக்கிறது.

அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னேன். "கேட்டியா?" என்றார். "கேட்டேம்பா," என்றேன். "குடுத்துட்டாங்களா?" என்றார். அந்தக் குரலில் இருந்தது மகிழ்ச்சியா வியப்பா என்று இப்போது எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிகிறது. கேட்டால் கொடுப்பார்கள் என்ற செய்தியே அவருக்குப் புதிதாக இருந்தது.

மில்னர் 2023-இல் பிரைட்டன் கழகத்துக்குப் போனார். அங்கே 2024-இல் மேலாளராக வந்தவர் மில்னரைவிட ஏழு வயது இளையவர். அந்த ஆண்டு ஆகஸ்டில் மில்னருக்குத் தொடைத் தசையில் காயம். அறுவைக்குப் பின் நரம்பு பாதிக்கப்பட்டு, பல மாதங்கள் பாதத்தையே தூக்க முடியாமல் கிடந்ததாக அவர் பிறகு கூறினார். முப்பத்தெட்டு வயதில், வேண்டிய அளவு புகழும் பொருளும் சேர்த்த பிறகு, ஒருவர் அத்தோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர் பாதத்தைத் தூக்கப் பழகினார், நடக்கப் பழகினார், திரும்ப வந்தார்.

2025 ஆகஸ்டு 31 அன்று மாஞ்செஸ்டர் சிட்டிக்கு எதிராக அவர் மாற்றாளாக இறங்கினார். குழு ஒரு கோல் பின்தங்கியிருந்தது. பெனால்டி கிடைத்தது. மில்னர் அடித்தார், கோல். பிரைட்டன் அந்த ஆட்டத்தை 2-1 என்று வென்றது. ஒரு காலத்தில் பிரீமியர் லீக்கில் மிக இளம் வயதில் கோல் போட்டவராக இருந்தவர், அன்று மிக மூத்த வயதில் கோல் போட்டவர்களின் வரிசையில் டெடி ஷெரிங்காமுக்கு அடுத்த இரண்டாம் இடத்தைப் பெற்றார். பதினாறு வயதில் போட்ட முதல் கோலிலிருந்து இந்த நாள் வரை, அவர் கோல் போட்ட எந்த லீக் ஆட்டத்திலும் அவர் குழு தோற்றதில்லை.

கோல் போட்டபின் அவர் புல்லில் உட்கார்ந்து, கையில் விளையாட்டுக் கருவியைப் பிடித்திருப்பதைப் போன்ற ஒரு சைகை செய்தார். லிவர்பூலில் அவரோடு ஆடிய டியோகோ ஜோட்டாவின் வழக்கம் அது. ஜோட்டா 2025 சூலை 3 அன்று சாலை விபத்தில் தம் தம்பியோடு உயிரிழந்திருந்தார். ஜோட்டா அணிந்த 20 என்ற எண்ணை அவர் நினைவாக மில்னர் பிரைட்டனில் எடுத்துக்கொண்டிருந்தார். இருபத்து மூன்று ஆண்டுகளாக எவர் எவர் இடத்திலோ நின்று ஆடியவர், அன்றும் இல்லாத ஒருவருக்காக நின்றார்.

நண்பர்களே, அடுத்த முறை விடுதிக் கூடத்தில் ஆட்டம் பார்க்க உட்காரும்போது ஐந்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு, பந்து இல்லாத ஒருவரைப் பாருங்கள். அவர் எங்கே ஓடுகிறார், யாருக்காக இடம் விடுகிறார் என்று பாருங்கள். பிறகு உங்கள் வகுப்பில், உணவகத்தில், வீட்டில் அத்தகையவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். அவரிடம் 'நீங்கள் இல்லாவிட்டால் நின்றுவிடும்' என்று சொல்வதோடு நில்லாமல், 'உங்களுக்கு எந்த இடம் வேண்டும்?' என்று ஒரு முறை கேளுங்கள். விடை வரச் சிறிது நேரம் ஆகும். அவரிடம் அதை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.